மாமா, அந்த அட்டவணையில் என் பெயர் வேண்டாம்

மாமா,

போனில் நடந்ததை விடுவோம். அம்மாவின் ஆண்டுப் பூசைக்கு மெல்பேணிலிருந்து நீங்கள் வருவதாகத் தம்பி சொன்னான், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் தயாரிக்கிற வம்ச அட்டவணையில் என் பெயர் வேண்டாம். அடிக்குறிப்பாகக்கூட.

இலங்கையில் ஐரோப்பிய வழிவந்த பேர்கர் ஆட்களில் நான் சேரமாட்டேன் என்று போனில் நீங்கள் சொன்ன விதி உண்மைதான். 1830 வாக்கில் தலைமை நீதியரசர் ரிச்சர்ட் ஒட்லி சொன்னது அது: தகப்பன்வழி ஐரோப்பியனாக இருந்தால் போதும், தாய் யாரானாலும் பிள்ளை பேர்கர். கொழும்பில் 1908இல் தொடங்கிய டச்சு பேர்கர் யூனியனும் தகப்பன்வழியைத்தான் பார்த்தது. அந்தக் கணக்கில் அம்மா பேர்கர், நான் இல்லை. சரி.

ஆனால் அது என்னவோ ரத்தத்தில் ஓடுகிற சாமான் மாதிரிப் பேசுகிறீர்களே! டச்சுக்காரரின் ஒல்லாந்தில் 'புர்ஹ்' என்றால் கோட்டை, மதில் சூழ்ந்த பட்டணம். அதற்குள் உரிமையோடு குடியிருந்தவன் 'புர்ஹர்', அவ்வளவுதான். இங்கே ஒல்லாந்தரின் வியாபாரக் கம்பனி உத்தியோகத்தை விட்டுவிட்டு, தங்கி வியாபாரம் பண்ண அனுமதி வாங்கினவனுக்கு அந்தப் பெயர், அதுவும் உத்தியோகத்தருக்கு ஒரு படி கீழே. 1796இல் ஆங்கிலேயரிடம் எல்லாம் போனபிறகுதான், மிஞ்சி நின்ற உத்தியோகத்தரும் கடைக்காரரும் அந்த ஒரே பெயருக்குள் வந்தார்கள். ஒல்லாந்தர் 'துப்பாசி' என்று புறம்பாக எழுதிவைத்த போர்த்துக்கேய வழிக்காரரும் பிற்பாடு அதற்குள்தான். மட்டக்களப்பில் ஒல்லாந்துப் பெயரை வைத்துக்கொண்டு போர்த்துக்கேயம் கலந்த பறங்கிப் பாஷையில் செபம் சொன்ன ஆட்கள் நாம். (நாம்! பாருங்கள், கை தானாக எழுதுகிறது.)

சின்னம்மாவின் கலியாண இரவு ஞாபகம் இருக்கிறதா? பறங்கியரின் கப்ரிஞ்ஞா ஆட்டம். நான் அடி தெரியாமல் சுவரோடு ஒட்டி நிற்க, நீங்கள் வயலினைக் கன்னத்திலிருந்து எடுக்காமலே கிட்ட வந்து, உங்கள் சப்பாத்து நுனியால் என் காலைத் தட்டித் தட்டிப் பழக்கினீர்கள், பாட்டும் நிற்கவில்லை, வில்லும் நிற்கவில்லை, கொஞ்ச நேரத்தில் நான் ஆடிக்கொண்டிருந்தேன். 'பறங்கிக் காலடா இவனுக்கு' என்று முழு வீட்டுக்கும் கேட்கக் கத்தினீர்கள். கதவடியில் நின்ற அப்பா சிரித்தார். உங்களைப் போல ஆக வேண்டும் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அந்த வாயாலேயே எப்படி மாமா 'நீ வெளியாள்' என்று சொன்னீர்கள்?

நான் குரலை உயர்த்தியதற்கு மன்னியுங்கள், ஆனால் அட்டவணையில் அம்மம்மாவின் கட்டத்துக்குள் பெயரில்லாமல் 'மனைவி' என்று மட்டும் போட்டு அனுப்பினால் யார்தான் கத்தமாட்டார்கள்? அவ தமிழ்ப் பெண் என்பதாலா? உங்களைப் பெற்றவ. வீட்டு விஷயத்தை இங்கே எழுதமாட்டேன், மச்சாள்மார் வாசிப்பார்கள்.

என் வீட்டில்தான் தங்கவேண்டும், அதில் பேச்சுக்கு இடமில்லை. அம்மம்மாவின் முழுப்பெயரும் ஊரும் எனக்குத் தெரியும், எழுதச் சம்மதமென்றால் உட்கார்ந்து நிரப்புவோம். இல்லையென்றால் பூசைச் சாப்பாட்டில் அந்தக் கதையை எடுக்காதீர்கள், அம்மாவுக்காகவாவது.