அஸ்தமனக் கடல்

பெர்த்
ஆஸ்திரேலியா
ஜூலை 20

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்து மூன்று வாரம் ஆகிறது. பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். உண்மைதான், மன்னித்துவிடுங்கள். போனில் நலம் விசாரிப்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது, மனதில் இருப்பது எதுவும் வருவதில்லை.

தூத்துக்குடியில் ஆடிக்காற்று தொடங்கியிருக்கும். இங்கே குளிர்காலம், கூடவே மழை. விடியற்காலையில் எட்டு டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஹீட்டர் போட்டால் தலை வலிக்கிறது என்று நான் போடுவதில்லை. ஆச்சி கொடுத்த கம்பளி போதும். சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறேன், பொழுது போகிறது.

வாசலில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் போவார் என்று எழுதினேனே, பக்கத்து வீட்டு இத்தாலிக்காரத் தாத்தா, போன ஞாயிற்றுக்கிழமை கதவைத் தட்டி, "கிளம்பு" என்றார். ஞாயிறன்று ரயிலுக்குக் காசு கிடையாது. கொட்டஸ்லோ என்ற கடற்கரைப் பகுதியில் இறங்கி நடந்தோம்.

மேட்டின்மேல் ஸ்பெயின் நாட்டுப் பாணியில் ஒரு பழைய மாளிகை. அதிலிருந்து கடல் பக்கமாகத் தோட்டம் தட்டுத் தட்டாக இறங்குகிறது. தங்கச் சுரங்கத்தில் பணம் பண்ணிய க்ளாட் டி பெர்னாலஸ் என்பவர் 1930களில் தனக்காக மாற்றிக் கட்டிய வீடு. பெர்த்தில் லண்டன் கோர்ட் என்ற கடைவீதியை 1937இல் கட்டியவரும் அவர்தான். மணி அடித்தால் குதிரை வீரர்கள் மோதிக்கொள்ளும் கடிகாரம் என்று செல்விக்குப் படம் அனுப்பினேனே, அந்த இடம். மாளிகையை 1950இல் நகராட்சி வாங்கிவிட்டது. இப்போது டிக்கெட் இல்லாமல் யாரும் போய் உட்காரலாம். ஒருவர் தனக்கென்று வைத்த தோட்டத்தில் இன்று ஊர்ப் பிள்ளைகள் உருண்டு விளையாடுவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

தாத்தா ஆயுள் முழுக்கக் கொத்தனார் வேலை பார்த்தவர். பூவையும் மரத்தையும் அவர் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு தட்டிலும் நின்று சுவரைத் தடவி, கல்லுக்கு நடுவே விரலை வைத்து, "நல்ல வேலை" என்று தலையை ஆட்டினார். மழையில் நனைந்த சுண்ணாம்பு வாசனை வந்தது. ஆச்சி வீட்டு முற்றத்துச் சுவர் வாசனை அம்மா, அப்படியே.

பைன் மரங்களுக்கு அந்தப் பக்கம் முழுக்கக் கடல். தூரத்தில் ராட்னெஸ்ட் தீவு பென்சில் கோடுமாதிரி தெரிந்தது. இதுவும் இந்தியப் பெருங்கடல்தான். ஆனால் அப்பாவோடு கடற்கரையில் நின்று சூரியன் கடலிலிருந்து எழும்புவதைத்தானே நான் பார்த்திருக்கிறேன்? இங்கே அது கடலுக்குள் இறங்குகிறது. அப்போது மணி ஐந்தரை. நம் வீட்டில் மூன்று மணி, நீங்கள் காப்பிக்கு அடுப்பைப் பற்றவைத்திருப்பீர்கள். அந்த நினைப்பு வந்ததும் என்னால் கடலைப் பார்க்க முடியவில்லை. தாத்தா ஒன்றும் கேட்கவில்லை. பிளாஸ்க்கிலிருந்து காப்பியை ஊற்றி என் கையில் கொடுத்துவிட்டு, மறுபடி சுவர் பக்கம் போய்விட்டார்.

மேலே புல்வெளியில் ஒரு கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. செல்வி ஞாபகம்தான். திருச்செந்தூர் வரன் எனக்குச் சம்மதம், முதலில் அவளிடம் தனியாகக் கேளுங்கள். ஆவணியிலேயே வைக்கச் சொன்னால் தை என்று சொல்லிவிடுங்கள், அதற்குள் எனக்கு லீவு சேர்ந்துவிடும். சீட்டுக்கு இந்த மாதம் பாதிதான் அனுப்புகிறேன், மீதி அடுத்த மாதம் கட்டாயம் வரும். கவலைப்பட ஒன்றும் இல்லை.

அப்புறம், கிணற்றடி நிலம். சித்தப்பா எவ்வளவு அவசரப்படுத்தினாலும் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். செல்வியிடம் சொல்லி எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், நான் படித்துவிட்டுச் சொல்கிறேன். பிரஷர் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுகிறீர்களாமே, வேண்டாம் அம்மா. முழுதாகப் போடுங்கள்.

உங்கள் அன்பு மகன்,
முருகேசன்