குழந்தைக்குக் கொடுக்கப்போகும் தண்ணீர்

அன்புள்ள மகளுக்கு,

குடிபோன ஊரில் குழாய்த் தண்ணீர் தெளிவாக வருகிறது என்றும், அதையும் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறோம் என்றும் எழுதியிருந்தாய். கிருமிகளைப் பொறுத்தவரை நீ செய்வது சரி. ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தாலே அவை மடிந்துவிடும். ஆனால், ஊருக்கே ஆழ்துளைக் கிணற்று நீர்தான், சுற்றிலும் வயல்கள்தான் என்றும் நீ எழுதியதைப் படித்ததிலிருந்து, பிறக்கப்போகும் குழந்தையை எண்ணி என் மனம் நைட்ரேட் என்ற உப்பைச் சுற்றியே வருகிறது.

வயலுக்கு இடும் உரத்திலிருந்தும், சாணக் குவியலிலிருந்தும், கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் மண்வழியே இறங்கி நிலத்தடி நீரில் சேரும் நைட்ரேட்டுக்கு நிறமோ மணமோ இல்லை. கொதிக்கவைத்தால் நீர்தான் ஆவியாகும், நைட்ரேட் அப்படியே தங்கும். நெடுநேரம் கொதிக்கவிட்டால் அதன் அடர்வு கூடவே செய்யும். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு நைட்ரேட் மிகுந்த நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், அதன் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து, உதடும் நகக்கண்ணும் நீலம் பாரிக்கலாம். உலக சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருப்பதே இப்படிப் புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளை எண்ணித்தான். சில ஆய்வகங்கள் இதையே, நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனின் எடையை மட்டும் கணக்கிட்டு எழுதும். அப்போது வரம்பு ஏறத்தாழ 11 மில்லிகிராம். உங்கள் நீரைச் சோதித்துத் தரும் அறிக்கையில் எந்தக் கணக்கு என்று பார்த்துக்கொள். கரி வடிகட்டி நைட்ரேட்டை நீக்காது. எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) கருவி பெருமளவு குறைக்கும்.

ஆர்செனிக்குக்கு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், புளோரைடுக்கு 1.5 மில்லிகிராம் என்பவை அந்த நிறுவனம் சொல்லும் வரம்புகள். அவற்றையும் சேர்த்தே பார்க்கும்படி ஆய்வகத்தில் சொல்.

சிறிய ஊர் என்பதால் ஆபத்து குறைவு என்று எண்ணிவிடாதே. கனடாவில் வாக்கர்ட்டன் என்ற, சுமார் 5,000 பேர் வாழ்ந்த ஊரில், 2000ஆம் ஆண்டு மே மாதம் பெய்த பெருமழையில் எரு கலந்த நீர் ஊர்க் கிணற்றில் இறங்கியது. குளோரின் போதிய அளவு சேர்க்கப்படாததால் 2,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். ஏழு பேர் இறந்தார்கள். குழாய் முனையில் எஞ்சும் குளோரின் எவ்வளவு என்று உங்கள் ஊர்க் குடிநீர் அலுவலகத்தில் தயங்காமல் கேள். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். கேட்பது உன் உரிமை.

மாதிரி எடுப்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் புட்டியைக் கழுவாதே. உள்ளே இருக்கும் மருந்து குளோரினை முறிப்பதற்கானது. குழாயைச் சில நிமிடம் ஓடவிட்டு, மூடியின் உட்புறத்தில் விரல் படாமல் பிடித்து, குளிர்ச்சியாக வைத்து, 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடு. ஈயத்துக்கு இதற்கு நேர்மாறு: இரவு முழுவதும் குழாயைத் திறக்காமல் விட்டு, காலையில் முதலில் விழும் நீரையே பிடிக்க வேண்டும், ஏனென்றால் பழைய குழாயிலிருந்து ஈயம் கரைவது நீர் தேங்கி நிற்கும் நேரத்தில்தான்.

நீ தாய்ப்பால் மட்டும் கொடுக்கும்வரை நைட்ரேட்டால் குழந்தைக்கு ஆபத்து மிகக் குறைவு. புட்டிப்பால் தேவைப்பட்டால், அறிக்கை வரும்வரை சோதித்துத் தேறிய நீரை மட்டும் பயன்படுத்து. பிரசவத்துக்கு முன்பே மாதிரியைக் கொடுத்துவிடு. அறிக்கை வந்ததும் எண்களை அலகோடு எனக்கு எழுது; சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அம்மா