கடலோர வாகனங்களின் மின்கம்பி முனைகளுக்குப் பிசின் மூடி கட்டாயமாக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலோர மாவட்டங்களில் மின்கோளாறு என்று பணிமனைக்கு வரும் இருசக்கர வாகனங்களையும் கார்களையும் பிரித்துப் பார்த்தால், நான் கண்டவரையில் பல நேரங்களில் மோட்டாரோ விளக்கோ கெட்டிருப்பதில்லை. கம்பி வந்து டெர்மினலில், அதாவது அதன் முனையில் பொருத்தும் உலோக இணைப்புத் துண்டில், சேரும் இடத்தில் பச்சைக் களிம்போ வெள்ளைப் பொடியோ பூத்து, மின்னோட்டத்தைத் தடுத்திருக்கும். இராமநாதபுரம் பகுதியில் வாகன மின்பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அந்த இணைப்பிடத்தைத் தொழிற்சாலையிலேயே, அச்சுக்குள் வார்த்து ஒளியால் இறுகவைத்த பிசினால் மூடிவிடும் முறை இன்று இருக்கிறது. உப்புக்காற்று வீசும் ஊர்களில் விற்கப்படும் வாகனங்களில் அதைச் செய்வதும் விடுவதும் உற்பத்தியாளரின் விருப்பம் என்று இருக்கக் கூடாது.

இதை இப்போது வலியுறுத்துவதற்குக் காரணம் அலுமினியம். வாகனத்தின் எடையையும் விலையையும் குறைக்க, உலகெங்கும் செம்புக் கம்பிக்குப் பதிலாக அலுமினியக் கம்பி வயரிங்கில் நுழைந்துகொண்டிருக்கிறது. அலுமினியத்தின் மின்கடத்துதிறன் செம்பினுடையதில் சுமார் 61 விழுக்காடுதான் என்பதால் கம்பியைச் சற்றுத் தடிமனாக்க வேண்டும். ஆனாலும் அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், செம்பின் அடர்த்தி 8.96 கிராம் என்பதால், அதே மின்னோட்டத்தைச் சுமக்கும் கம்பியின் எடை ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. மின்வாகனத்தில் எடை குறைந்தால் ஓடும் தூரம் கூடும். ஆகவே இந்த மாற்றத்தை நான் எதிர்க்கவில்லை. கம்பி மாறினாலும் டெர்மினல் மட்டும் பெரும்பாலும் வெள்ளீயம் பூசிய செம்புக் கலவையாகவே நீடிக்கிறது என்பதும், அந்த இரண்டு உலோகங்களும் சந்திக்கும் இடத்தில் புதியதொரு பகை தொடங்குகிறது என்பதும்தான் என் கவலை.

ஒரு உலோகம் எவ்வளவு எளிதில் கரையும் என்பதைக் காட்டும் நியம மின்முனை அழுத்தத்தில் அலுமினியம் மைனஸ் 1.66 வோல்ட், செம்பு பிளஸ் 0.34 வோல்ட். இவ்வளவு தள்ளி நிற்கும் இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க, நடுவே உப்பு ஈரம் படிந்தால் அது சிறியதொரு மின்கலமாகி, அலுமினியம் கரையத் தொடங்கும். சாதாரண நிலையில் அலுமினியத்தின் மேல் இயல்பாகப் படரும் ஆக்சைடு படலம் அதைக் காக்கிறது. கடல் உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தையே துளைத்துவிடுகிறது. டெர்மினலின் மேலுள்ள வெள்ளீயப் பூச்சு செம்பை மறைத்துவிடுமே என்று கேட்கலாம். பூச்சிட்ட தகட்டிலிருந்து டெர்மினலை வெட்டி எடுக்கும்போது வெட்டு விளிம்புகளில் செம்பு வெறுமையாகவே நிற்கிறது. மெல்லிய அலுமினிய இழைகள் ஒருபுறம், அகன்ற டெர்மினல் பரப்பு மறுபுறம் என்று அமைந்துவிடுவதால் அரிப்பு முழுவதும் அந்த இழைகளின் மேல் விழுகிறது. போதாக்குறைக்கு, இழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிடைவெளி நீரை உறிஞ்சி, இன்சுலேஷனுக்கு உள்ளேயே வெகுதூரம் கொண்டுசெல்கிறது.

பிசின் மூடி செய்யும் வேலை இந்த ஈரத்தை வாசலிலேயே நிறுத்துவதுதான். கம்பியை நெரித்துப் பிடிக்கவைக்கும் கிரிம்பிங் முடிந்த டெர்மினலை ஒளி ஊடுருவும் அச்சுக்குள் வைத்து, அக்ரிலேட் வகைத் திரவப் பிசினைச் செலுத்தி, 365 அல்லது 395 நானோமீட்டர் அளவிலான புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால், சில நொடிகளில் அது திடமாகிவிடுகிறது. பல் மருத்துவர் சொத்தைப் பல்லில் பசையை அடைத்து நீல ஒளி காட்டி இறுகவைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அச்சு எதற்கு, தூரிகையால் பூசிவிட்டால் ஆகாதா என்ற கேள்வி நியாயமானது. இவ்வகைப் பிசின்களில் காற்றிலுள்ள ஆக்சிஜன் மேற்பரப்பு இறுகுவதைத் தடுத்துப் பிசுபிசுப்பாக விட்டுவிடும். அச்சு காற்றை விலக்குகிறது. அதோடு, டெர்மினல் போய் அமரவேண்டிய கனெக்டரின் அறை மிகக் குறுகியது. கையால் பூசினால் ஓரிடத்தில் திரண்டும் ஓரிடத்தில் மெலிந்தும் போகும் பிசினை, அச்சு எப்போதும் ஒரே அளவில் நிறுத்துகிறது. எதிர் டெர்மினலைத் தொடும் முனைப்பகுதிக்குப் பிசின் பரவாமல் தடுப்பதும் அச்சின் விளிம்புதான். சூடான பிளாஸ்டிக்கை அழுத்தத்தில் செலுத்தும் முறை வாட்டுவதைப் போல மெல்லிய கம்பிகளின் இன்சுலேஷனை இது வாட்டுவதில்லை.

குறைகளும் உண்டு, அவற்றை மறைத்து இம்முறையைப் பரிந்துரைப்பது சரியாகாது. ஒளி படாத இடத்தில் பிசின் இறுகாது. கம்பியைக் கவ்விப் பிடிக்கும் டெர்மினலின் இறக்கைகளுக்கு அடியிலும் இழைகளின் நடுவிலும் நிழல் விழும் என்பதால், வெப்பத்தாலோ ஈரப்பதத்தாலோ பின்னர் இறுகக்கூடிய இரட்டைத் தன்மையுள்ள பிசின் அங்கே தேவைப்படலாம். இறுகும்போது பிசின் சுருங்கும். ஒட்டுதல் போதாவிட்டால் இன்சுலேஷனின் ஓரத்தில் மயிரிழை போன்ற இடைவெளி விழும். பாலிஎத்திலீன் போன்ற உறைகளில் ஒட்டவைப்பது குறிப்பாகக் கடினம். மிகக் கெட்டியான பிசின் அதிர்விலும் வளைவிலும் விரிசல் விடும். புற ஊதா விளக்கில் ஒளிரும் பொருளைப் பிசினில் கலந்துவிட்டால், விடுபட்ட இடம் ஆய்வாளரின் கண்ணுக்கு உடனே தெரியும் என்பதால், அதையாவது எல்லாத் தொழிற்சாலைகளும் கடைப்பிடிக்க வேண்டும்.

விளம்பரங்களில் வரும் ஐபி 67 என்ற முத்திரையைப் பலர் அரிப்புக்கு எதிரான உறுதிமொழியாக எடுத்துக்கொள்கிறார்கள். தூசு புகாது, ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் மூழ்கினாலும் கெடுதல் செய்யும் அளவுக்கு நீர் உட்புகாது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. 5 விழுக்காடு உப்புக் கரைசலை 35 டிகிரி செல்சியஸில் தெளிக்கும் வழக்கமான சோதனையும், மின்னோட்டச் சூடு, அதிர்வு, வெயில், பனி எல்லாம் மாறிமாறித் தாக்கும் உண்மையான சாலைக்கு ஈடாகாது. சிக்ரி என்று நாம் அழைக்கும் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், பாம்பனுக்கு அருகிலுள்ள மண்டபம் ஊரில் கடலோர அரிப்பு ஆய்வு நிலையம் வைத்திருக்கிறது. பாம்பன் கடற்காற்று இரும்பை என்ன பாடு படுத்தும் என்பதை அங்குள்ளவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வாகன உற்பத்தியாளர்கள் பிசினிட்ட டெர்மினல்களையும் பிசினிடாதவற்றையும் மின்னோட்டம் பாயும் நிலையிலேயே அங்கே திறந்தவெளியில் வைத்துச் சோதித்து, முடிவுகளை வெளியிட வேண்டும்.

பணிமனைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெஸ்ட் லாம்பின் ஊசியால் இன்சுலேஷனைக் குத்திப் பார்ப்பதும், அறுந்த கம்பியோடு வேறொரு செம்புக் கம்பியை முறுக்கி டேப் சுற்றுவதும் நம் ஊர்களில் அன்றாட வழக்கம். செம்புக் கம்பியில் ஓரளவு தாங்கிய இந்தப் பழக்கம் அலுமினியக் கம்பியில், அதுவும் உப்புக்காற்றில், இணைப்பையே தின்றுவிடும். இணைப்பு சூடாகி உருகும் ஆபத்தும் உண்டு. கிரீஸ் தடவுவது தற்காலிக ஆறுதல் மட்டுமே. மின்வாரியப் பணியாளர்கள் அலுமினியக் கேபிளைச் செம்புப் பட்டையோடு சேர்க்க ஒருபுறம் அலுமினியமும் மறுபுறம் செம்புமாக அமைந்த இரு உலோக லக் என்ற இணைப்புத் துண்டைப் பயன்படுத்துவதைப் போல, வாகன மெக்கானிக்குகளுக்கும் இதற்கென்று ஒரு முறை வேண்டும். பூத்துப்போன டெர்மினலைச் சுரண்டாமல் வெட்டி மாற்றி, அதற்குரிய கருவியால் கிரிம்ப் செய்து, பிசினிட்டுப் புற ஊதாக் கைவிளக்கால் இறுகவைக்கவோ, சூடேற்றினால் சுருங்கும், உட்புறம் பசையுள்ள குழாயால் மூடவோ அவர்கள் கற்க வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களின் மோட்டார் வாகன மெக்கானிக் பாடத்தில் இதற்கு ஒரு செய்முறைப் பயிற்சியைச் சேர்ப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது.

எந்தெந்தக் கம்பி அலுமினியம் என்பதை வாகனத்தின் கம்பித் தொகுப்பான ஹார்னஸின் மேலேயே குறியிட்டுக் காட்டவும், அதற்கான பழுதுநீக்கும் முறையைத் தமிழிலும் அச்சிட்டுத் தங்கள் சேவை மையங்களுக்கு வெளியே உள்ள பணிமனைகளுக்கும் கிடைக்கச் செய்யவும் உற்பத்தியாளர்கள் முன்வர வேண்டும்; போக்குவரத்துத் துறை இதை அவர்களிடம் கேட்டுப் பெற வேண்டும்.

இப்படிக்கு,
வாகன மின்பணியாளர் ஒருவர்,
இராமநாதபுரம்.