எட்டு போட்டால் லைசென்ஸ். ஓவர்டேக் செய்ய யார் சொல்லித் தருவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலூர், பண்ருட்டி பக்கத்துக் கிராமச் சாலைகளில் பைக்கில் போய்வருகிறவன் நான். இந்தச் சாலைகளில் முந்திப் போகும்போது நடக்கும் விபத்துகளைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். விபத்துச் செய்தி வந்தால் "பசங்க வேகமாப் போறாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். வேகம் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் பார்க்கிறவர்களில் பாதிப்பேர் வேகமாகப் போகிறவர்களே இல்லை. மனைவியைப் பின்னால் வைத்து, குழந்தையை டேங்க் மேல் உட்காரவைத்து, நூறு சிசி வண்டியில் ஐம்பதில் போகிற மனிதர்தான் முன்னால் போகும் பஸ்ஸின் புகை தாங்காமல் வலதுபக்கம் ஏறுகிறார். அவருக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பஸ் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, நீங்கள் 65-இல் முந்துகிறீர்கள் என்றால் இரண்டுக்கும் வித்தியாசம் மணிக்கு 15 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு நாலு மீட்டர் சொச்சம். பஸ்ஸின் நீளம் சுமார் 12 மீட்டர். பின்னால் கொஞ்சம் இடைவெளி விட்டுக் கிளம்பி, முன்னால் கொஞ்சம் இடைவெளி விட்டு இடதுபக்கம் திரும்பச் சேருவதற்குள் எட்டு விநாடி ஆகிவிடும். அந்த எட்டு விநாடியில் உங்கள் வண்டி 140 மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும், எதிரில் 60-இல் வருகிற வண்டியும் 130 மீட்டர் நெருங்கியிருக்கும். ஆக, கண்ணுக்கு முன்னால் ஏறக்குறைய 280 மீட்டர் சாலை காலியாகத் தெரிய வேண்டும், அதுவும் 65 வேகத்தை முன்கூட்டியே எட்டியிருந்தால். மூன்று பேர் உட்கார்ந்த சின்ன வண்டியில் டாப் கியரிலேயே ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் பிக்கப் வராது, ஐம்பதிலிருந்து அறுபத்தைந்துக்கு வருவதற்கே பாதித் தூரம் போய்விடும். நம் சாலைகளில் புளியமர வளைவும் பாலமும் இல்லாமல் 280 மீட்டர் எங்கே கிடைக்கிறது?

பஸ்ஸை விட டிராக்டரைத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். கரும்பு சீசனில் டிரெய்லரின் இரண்டு பக்கமும் கரும்பு நீட்டிக்கொண்டிருக்கும், பின்னால் விளக்கும் இருக்காது, ஒளிரும் ஸ்டிக்கரும் இருக்காது. இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில்தான் போகும், அதனால் இதை முந்துவது சுலபம் என்று யாரும் யோசிப்பதே இல்லை. ஆனால் அந்த டிராக்டர் எந்த இடத்தில் வேண்டுமானாலும் வலதுபக்கம் வயல் பாதையில் திரும்பும். திரும்பப் போகிறேன் என்று காட்ட இண்டிகேட்டர் எரியாது, ஓட்டுகிறவருக்கு இன்ஜின் சத்தத்திலும் பாட்டுச் சத்தத்திலும் நம் ஹார்ன் கேட்காது, கரும்புச் சுமை மறைப்பதால் பின்னால் வருகிற பைக்கும் அவருக்குத் தெரியாது. டிராக்டர் கொஞ்சம் வேகம் குறைந்தால் நமக்கு வழி விடுகிறார் என்று நினைத்து ஏறுகிறோம், அவர் திரும்புவதற்காகக் குறைத்திருப்பார். வலதுபக்கம் ஒரு வண்டிப்பாதை பிரிகிறதா என்று பார்க்காமல் டிராக்டரை முந்தவே கூடாது.

அப்புறம் இன்னொன்று, முன்னால் போன பைக்கை நம்பி அதன் பின்னாலேயே ஏறுவது. முதல் ஆள் எதிர்ச்சாலையைப் பார்த்துவிட்டுத்தான் ஏறியிருப்பார், இரண்டாவது ஆள் முதல் ஆளின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு ஏறுகிறார். முதல் ஆள் தப்பித்து உள்ளே நுழைந்த பிறகு இவருக்கு நுழைய இடமே இருக்காது. லாரிக்காரர் கையைக் காட்டிவிட்டார், சைடு கொடுத்துவிட்டார் என்று ஏறுவதும் இப்படித்தான். அவர் நல்ல எண்ணத்தில் காட்டியிருக்கலாம், ஆனால் எதிரே வருகிற வண்டியோடு நம் வண்டிக்கு எவ்வளவு இடம் தேவை என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

எதிரே வருகிறவர்களையும் நினைக்க வேண்டும். ஒருவர் அவசரமாக முந்தினால் எதிரே வருகிற பைக்காரர் தார்ச்சாலையை விட்டு மண்ணில் இறங்க வேண்டியிருக்கிறது. மேலே மேலே தார் போட்டுப் போட்டுச் சாலையின் ஓரம் பல இடங்களில் படி மாதிரி உயர்ந்து நிற்கிறது. அதில் சக்கரம் இறங்கினால் வண்டி அப்படியே சாயும். அறுவடை நேரத்தில் பாதிச் சாலையில் நெல்லோ உளுந்தோ காய்கிறது, சுற்றிக் கல் வேறு வைத்திருக்கிறார்கள். அங்கே இறங்கவும் இடமில்லை. முந்தியவர் பாட்டுக்குப் போய்விடுவார், விழுந்தவர் தானாக விழுந்ததாகத்தான் எழுதப்படும்.

2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர், அவர்களில் 44 சதவீதத்துக்கும் மேலானவர்கள் இருசக்கர வாகனங்களில் போனவர்கள். அந்த ஆண்டு எண்ணிக்கையில் அதிக விபத்து நடந்த மாநிலம் தமிழ்நாடு, 64,105 விபத்துகள். சட்டம் இல்லாமல் இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு, விதிக்கு மாறாக முந்துவதும் ஆபத்தாக ஓட்டும் குற்றத்தில் சேர்க்கப்பட்டு, முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. நம்மை ஒருவர் முந்தும்போது நாம் வேகத்தைக் கூட்டக் கூடாது என்றும் விதி இருக்கிறது. தனியார் பஸ் டிரைவர்கள் எத்தனை பேர் இதை மதிக்கிறார்கள்? ஹெல்மெட் இல்லாதவரை ஊர் எல்லையில் நிறுத்திப் பிடிக்கிறார்கள், அது வேண்டியதுதான், ஆனால் வளைவில் முந்தியவரை யாரும் பிடித்து நான் பார்த்ததில்லை.

லைசென்ஸ் வாங்கும்போது எட்டு போடச் சொல்கிறார்கள். கால் ஊன்றாமல் எட்டு போடத் தெரிந்தால் சரி, போகலாம். நடுக்கோடு விட்டுவிட்டு இருந்தால் என்ன, தொடர்ச்சியாக இருந்தால் என்ன என்று கேட்டுப் பாருங்கள், பத்து வருடம் ஓட்டியவர்களிலேயே பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும் எங்கள் கிராமச் சாலைகளில் அந்தக் கோடே அழிந்து கிடக்கிறது. போக்குவரத்துத் துறை தேர்வு நாளில் ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி, ஒரு இருவழிச் சாலைக்குக் கூட்டிப்போய், முந்தலாமா கூடாதா என்று ஒவ்வொருவரையும் பார்த்துச் சொல்லச் சொல்லலாம். பெரிய செலவு எதுவும் இல்லை. நெடுஞ்சாலைத் துறை வளைவுகளிலும் பாலங்களிலுமாவது முந்தக் கூடாது என்று காட்டும் தொடர்கோடு போட வேண்டும், சாலை ஓரத்து மண்ணை மட்டப்படுத்த வேண்டும். கரும்பு அரவை தொடங்குவதற்கு முன்பே டிராக்டர் டிரெய்லர்களுக்குப் பின்னால் ஒளிரும் பட்டை ஒட்டினால்தான் ஆலைக்குள் விடுவோம் என்று ஆலைகள் சொன்னால், ஒரே வாரத்தில் எல்லாரும் ஒட்டிவிடுவார்கள்.

உங்கள் பத்திரிகைக்கும் ஒரு வேண்டுகோள். "பைக் மீது லாரி மோதி இருவர் பலி" என்று செய்தி போடும்போது, யாராவது முந்தினார்களா, அது வளைவா, அங்கே நடுக்கோடு இருந்ததா என்பதையும் உங்கள் நிருபர்கள் போலீஸிடம் கேட்டு இரண்டு வரி சேர்த்து எழுதட்டும். எந்த வளைவில் திரும்பத் திரும்ப இது நடக்கிறது என்று அப்போதுதான் மாவட்ட நிர்வாகத்திடம் ஆதாரத்தோடு கேட்க முடியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பண்ருட்டி வட்டம், கடலூர் மாவட்டம்.