6, 7ஆம் வகுப்புப் பெற்றோர் கவனத்துக்கு: சனிக்கிழமை கூட்டம்

அனைவருக்கும் வணக்கம்.

தினமும் பாடம் தொடங்கும் முன் 10 நிமிடம் பிள்ளைகள் மூச்சைக் கவனித்து அமைதியாக உட்காரவும், மனதில் உள்ளதைச் சொல்லிப் பழகவும் நம் பள்ளியில் ஏற்பாடு நடக்கிறது. அதுபற்றிப் பேச நவம்பர் 15, சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பள்ளியில் கூடுகிறோம். மழை விடுமுறை விட்டால் அடுத்த சனிக்கிழமை.

2018 கஜா புயலுக்கு அப்புறம் காற்று பலமாக அடித்தாலே என் மகள் தூங்கமாட்டாள். பயம் என்று சொல்லத் தெரியாது. வயிறு வலிக்கிறது என்பாள். பல நாள் ஓம வாட்டர்தான் கொடுத்துக்கொண்டிருந்தோம். அதனால்தான் இது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பாட நேரம் போகுமே என்று சிலர் கேட்டீர்கள், நியாயம்தான். டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018இல் இதற்குத் தனி வகுப்பே தொடங்கினார்கள். ஆனால் கண்ணை மூட வைப்பதோடு நின்றால் போதாது. கோபம் வந்தால் என்ன செய்வது, சண்டை போட்ட தோழனிடம் எப்படிப் போய்ப் பேசுவது என்பதும் வேண்டும். கூட்டத்தில் கேட்போம்.

1. வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள், அப்பாக்களும்.
2. பிள்ளைக்கு எதில் பயம், எதில் கோபம் என்று இரண்டு வரி எழுதி வாருங்கள். பெயர் வேண்டாம்.
3. வயல் வேலையால் வர முடியாதவர்கள் கருத்தைக் குரல் பதிவாக எனக்குத் தனியே அனுப்புங்கள்.
4. வியாழன் இரவுக்குள் 'வருகிறேன்' அல்லது 'இல்லை' என்று இங்கே பதில் போடுங்கள்.

பிள்ளை மிகவும் வாடியிருந்தால் சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம்.