கிளட்ச் பிடித்தாலும் போகாத சத்தம்

சேலம்

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. மகனுக்கு ஐ.டி.ஐ.யில் கேட்ட ஃபிட்டர் பிரிவே கிடைத்ததில் ரொம்பச் சந்தோஷம். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. பேப்பரைத் தானே எடுத்துப் படிக்கிறார். உன்னைப் பற்றியும் விசாரித்தார்.

மற்ற சேதிகளைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் உன் பைக்கில் ஓடும்போது வரும் அந்தக் 'கடக்' சத்தம். "இன்ஜினை இறக்கிப் பார்த்தால்தான் தெரியும்" என்று அங்கே யாரோ சொன்னதாக எழுதியிருந்தாயே, இறக்க விடாதே. பிரிக்காத இன்ஜினை வீணாகப் பிரிப்பது எனக்குப் பொறுக்காது. ஏழெட்டாயிரம் செலவழித்துவிட்டு வெளியே வரும்போது அதே சத்தம் கூடவே வரும்.

நீ எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. வண்டியை நிறுத்தி வைத்து ஆக்ஸிலேட்டர் முறுக்கினால் சத்தம் இல்லை. ஓட்டத்தில் கிளட்ச் பிடித்தாலும் போகவில்லை. தெரு இறக்கத்தில் இன்ஜினை ஆஃப் செய்து, நியூட்ரலில் உருட்டியபோதும் கேட்டது. அப்படியென்றால் பிஸ்டன், வால்வு, டைமிங் செயின், கிளட்ச் எதன் மேலும் குற்றமில்லை. சக்கரம் சுற்றினால் எதெல்லாம் கூடவே சுற்றுமோ, அதில்தான் இருக்கிறது: செயின், அது ஓடும் முன், பின் பல்சக்கரங்களான இரண்டு ஸ்ப்ராக்கெட், பின்சக்கர பேரிங், பிரேக் ட்ரம். கியர்பாக்ஸில் முன் ஸ்ப்ராக்கெட் மாட்டியிருக்கும் தண்டும் சுற்றும் என்பதால் அதை மட்டும் இப்போதைக்குச் சந்தேகத்தில் வை.

இனி அந்தச் சத்தத்தின் தாளத்தைக் கேள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. உன் வண்டியில் முன்னால் 14 பல், பின்னால் 42 பல், செயினில் 120 லிங்க் (கண்ணி) என்று வைத்துக்கொள்வோம் (நீயே ஒரு தடவை எண்ணிவிடு). 20 கி.மீ. வேகத்தில் பின்சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய மூன்று சுற்று சுற்றும். முன் ஸ்ப்ராக்கெட் அதைப்போல் மூன்று மடங்கு, அதாவது ஒன்பது சுற்று. செயின் முழுதாக ஒரு சுற்று வர, சக்கரம் கிட்டத்தட்ட மூன்று சுற்று சுற்றியாக வேண்டும். ஆகவே அந்த வேகத்தில் நொடிக்கு ஒரு 'கடக்' கேட்டால் செயினில் ஏதோ ஓர் இடம் கெட்டிருக்கிறது. மூன்று கேட்டால் சக்கரம், ட்ரம், பின் ஸ்ப்ராக்கெட் பக்கம் போ. ஒன்பதைக் காதால் எண்ண முடியாது, ஒரே கரகரப்பாகத்தான் விழும். அது முன் ஸ்ப்ராக்கெட் அல்லது அந்தத் தண்டின் பேரிங். ஸ்பீடாமீட்டரை 20-இல் நிறுத்தி, ஆளில்லாத ரோட்டில் கேட்டுப் பார்.

"ஆயிரத்தொன்று என்று சொல்லி முடிக்கும் நேரத்துக்கு ஒரு தடவை" என்று எழுதியிருக்கிறாய், அதாவது நொடிக்கு ஒன்று. எனக்குச் செயின்மேல்தான் சந்தேகம். மழையில் நனைந்து எண்ணெய் காணாமல் கிடந்தால் ஏதாவது ஒரு லிங்க் துருப்பிடித்து மடங்க மறுக்கும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, செயின் கவரைக் கழற்றி, இன்ஜினை ஆஃப் செய்து நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் மெதுவாகப் பின்னோக்கிச் சுற்று. ஸ்ப்ராக்கெட்டை விட்டு வெளியே வரும் இடத்தில் ஒரு லிங்க் மட்டும் நேராக நிமிராமல் கோணலாக நிற்கும். அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போடு.

செல்வம், இந்த வேலையின்போது இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டுக்கொண்டு, துணியால் செயினைத் துடைக்கிற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. துணியோடு விரலும் ஸ்ப்ராக்கெட்டுக்குள் போய்விடும். பையன் பக்கத்தில் இருந்து கற்றுக்கொள்கிறான் என்பதால் இதைச் சொல்கிறேன். இன்ஜின் ஆஃப், சாவி உன் பையில்.

அப்படியே 20 லிங்கை விறைப்பாகப் பிடித்து அளந்துவிடு. அரை அங்குலச் செயின் புதிதில் 254 மி.மீ. இருக்கும். 259-ஐத் தொட்டுவிட்டால் காலம் முடிந்தது. செயின் நீளுகிறது என்கிறோம், ஆனால் இரும்பு இழுபடுவதில்லை. ஒவ்வொரு உருளைக்குள்ளும் இருக்கும் ஆணியும் புஷ்ஷும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, அந்தத் தேய்மானமெல்லாம் சேர்ந்துதான் நீளமாகத் தெரிகிறது. மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் 1880-இல் இந்த வகைச் செயினை உருவாக்கினார், இன்னும் அடிப்படை அதேதான். மாற்றுவதென்றால் இரண்டு ஸ்ப்ராக்கெட்டோடு முழு செயின் கிட்டாக வாங்கு. தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் அதுவும் சீக்கிரமே போய்விடும். செயினின் இரண்டு முனையையும் சேர்க்கும் லாக்கை மாட்டும்போது அதன் திறந்த வாய், செயின் ஓடும் திசைக்கு எதிராக இருக்க வேண்டும்.

அளவு சரியாக இருந்தால் மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் போட்டுக் கழுவி, அந்த லிங்கை மடக்கி மடக்கி இளக்கி, 90 கியர் ஆயில் விடு. பிறகு செயினின் டென்ஷன், அதாவது இறுக்கம். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, செயின் எங்கே அதிகம் இறுகுகிறதோ அங்கே வைத்துத்தான் தொய்வு பார்க்க வேண்டும். 20 முதல் 30 மி.மீ. வரை மேலும் கீழும் ஆடட்டும். தளர்ந்த இடத்தில் பார்த்து முறுக்கிவிட்டால், இறுகும் இடத்தில் முன் ஸ்ப்ராக்கெட் தண்டின் பேரிங் அடி வாங்கும். அதற்கப்புறம் உண்மையாகவே இன்ஜினை இறக்க வேண்டி வரும்.

கொல்லிமலை வளைவுகளில் ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டுத் திரும்ப முறுக்கும்போது 'டொக்' என்று ஓர் உதை வருகிறது என்றாயே, அது வேறு கேஸ். செயினைக் கழற்றிய கையோடு சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, பின் ஸ்ப்ராக்கெட்டை மட்டும் முன்னும் பின்னும் ஆட்டு. தாராளமாக ஆடினால், அதற்கும் சக்கரத்துக்கும் நடுவே உதையைத் தாங்கும் கப்ளிங் ரப்பர் நசுங்கிவிட்டது. விலை கொஞ்சம்தான், மாற்றிவிடு. செயின் இல்லாதபோதே சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, ஸ்க்ரூடிரைவர் நுனியை ஆக்ஸில் நட்டில் வைத்துப் பிடியைக் காதில் ஒட்டிக் கேள். பேரிங் கரகரத்தால் தெரிந்துவிடும். முன் ஸ்ப்ராக்கெட்டையும் கையால் மேலும் கீழும் அசைத்துப் பார். தண்டோடு சேர்ந்து ஆடினால் மட்டும் எனக்கு உடனே போன் செய்.

தை பிறந்ததும் இரண்டு நாள் லீவு போட்டுச் சேந்தமங்கலம் வரலாம் என்றிருக்கிறேன். கிட் மாற்றுவதாக இருந்தால் பல் எண்ணிக்கையையும் லிங்க் எண்ணிக்கையையும் எழுது, இங்கிருந்து வாங்கி வருகிறேன். மாட்டுகிற வேலையைப் பையனே செய்யட்டும், நாம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கலாம். தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
ராஜு