கிட்டங்கிக்குள் ஒரு மீன் கூடம்

தூத்துக்குடி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எல்லோருக்கும் நிம்மதி. நடக்கச் சொன்ன அளவுக்கு மட்டும் நட, வீரம் காட்டாதே. தங்கச்சியிடம் நான் விசாரித்ததாகச் சொல். இங்கே வீட்டில் எல்லோரும் சுகம். சின்னவள் சென்னைக்கு மாற்றலாகிப் போய்விட்டாள். வீட்டில் சத்தம் குறைந்துவிட்டது, கரண்டு பில்லும் குறைந்துவிட்டது.

பழைய துறைமுகத்துக் கிட்டங்கி வேலையைப் பற்றிப் போன கடிதத்தில் சும்மா இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு நீ பக்கம் பக்கமாகக் கேள்வி அனுப்பியிருக்கிறாய். கொச்சியில் காலமெல்லாம் மீன் கம்பெனிகளுக்குக் குளிர்பதன மெஷின் மாட்டியவன் வேறெப்படி எழுதுவாய்! சரி, எனக்குத் தெரிந்த வரிசையில் பதில் சொல்கிறேன்.

இடம் உனக்குத் தெரிந்ததுதான். நாம் சிறுவர்களாக இருந்தபோது பெரிய கப்பல்கள் கரைக்கு வராது, கடலில் ஆழம் போதாமல் சில மைல் தள்ளி நிற்கும். தோணிதான் சரக்கைக் கொண்டுபோய்க் கொடுக்கும், வாங்கி வரும். தோணி வரும்வரை உப்பு மூட்டையும் பஞ்சுப் பொதியும் காத்துக் கிடந்த சரக்குக் கிட்டங்கிகளில் இதுவும் ஒன்று. 1974இல் புதுத் துறைமுகம் வந்ததும் இதன் காலம் முடிந்தது. கொஞ்ச நாள் வெறும் உப்பு அடைத்தார்கள், அப்புறம் கிழிந்த வலை, கடைசியாகப் புறா. அதைத்தான் மீனவப் பெண்கள் குழு ஒன்று குத்தகைக்கு எடுத்து, மீன் சுத்தம் செய்து கருவாடும், சூரை மீனில் செய்யும் மாசியும் போடலாம் என்று கிளம்பியிருக்கிறது. பொதுப்பணித் துறையில் தலைநரைத்த ஒருவன் சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

“இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் என்ன?” என்பது உன் முதல் கேள்வி. கேட்காதவர்கள் கிடையாது. சுவரைத் தட்டிப் பார்த்தால் உனக்கே பதில் தெரியும். பூச்சு உதிர்ந்த இடங்களில் உள்ளே இருப்பது செங்கல் இல்லை, பவளக்கல். மன்னார் வளைகுடாவிலிருந்து அந்தக் காலத்தில் வெட்டி எடுத்து வந்தது. விரலை வைத்தால் பவளத்தின் சிறுசிறு அறைகள் அப்படியே தெரிகின்றன. ஒரு கல்லில் முழுச் சிப்பி பதிந்திருக்கிறது, கொத்தனார் பையன் அதைப் பேர்த்தெடுக்கப் பார்த்தான், அதட்டி வைத்தேன். இன்றைக்கு அந்தக் கல் ஒன்றுகூட வாங்க முடியாது. 1986இல் அங்குள்ள 21 தீவுகளைச் சுற்றித் தேசியப் பூங்கா வந்தது. 2001இல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள். வெட்டியதற்கு விலையும் கொடுத்தாயிற்று, அங்கே இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. அதனால் ஒரு பக்கம் சரிந்து கிடந்த தடுப்புச் சுவரின் கற்களைப் பொறுக்கி அடுக்கி வைத்து, ஓட்டை விழுந்த இடங்களுக்கு அதையே பயன்படுத்துகிறோம்.

கல்லின் மேல் உள்ள பாசம் மட்டும் காரணம் இல்லை. கட்டடத்தின் ஒரு வாசல் படகு அணையும் பக்கம், எதிர்வாசல் லாரி வரும் ரோட்டுப் பக்கம். பச்சை மீன் ஒரு பக்கம் நுழைந்து, முடிந்த சரக்கு மறுபக்கம் வெளியேறினால், இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டாது. இதற்காகத்தான் பெரிய கம்பெனிகள் லட்சக்கணக்கில் செலவழித்துச் சுவரை உடைத்து மாற்றுகின்றன. இங்கே உப்பு வியாபாரி ஒருவன் தன் வசதிக்கு வைத்த வாசல் நமக்குச் சும்மா கிடைக்கிறது. கடலோரத்தில் புதிதாக ஒன்று எழுப்ப அனுமதி வாங்குவதோ தனி உத்தியோகம். இருப்பதைச் செப்பனிடுவதற்கே ஓர் அலுவலகத்தில் எங்கள் கோப்பு மேசை மேசையாகச் சுற்றி, மேலதிகாரி மாறி, மறுபடியும் முதல் மேசைக்கு வந்தது. அதைப் பற்றி எழுதினால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும், விடு.

ஆனால் சுவரில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. உப்பை அடைத்து வைத்த சுவர், உப்பைக் குடித்திருக்கிறது. பவளக்கல் பஞ்சு மாதிரி, உள்ளே போனதை விடாது. ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் ஈரம் ஏறினால் சுவர் வேர்க்கிறது, வெயில் வந்தால் வெள்ளையாகப் பூக்கிறது. இடையில் குடியிருந்த யாரோ இடுப்பு உயரத்துக்குச் சிமெண்ட் பூசி வைத்திருந்தார்கள். ஈரத்துக்கு வெளியேற வழியில்லாமல், பூச்சுக்கு மேலே ஏறி, அங்கே கல்லைத் தின்றிருக்கிறது. சிமெண்டை முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புதான் பூசுகிறோம். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரில் குழைத்த பழைய முறைதான். கருப்பட்டிக்கு உடன்குடி பக்கத்தில் இருக்கிறதே, அதில் மட்டும் குறை இல்லை.

இங்கேதான் உங்கள் ஆட்களுக்கும் எங்கள் ஆட்களுக்கும் சண்டை. சுவர் மூச்சுவிட வேண்டும் என்கிறேன் நான். மீன் வெட்டுகிற அறையில் சுவர் வழுவழுப்பாக இருக்க வேண்டும், குழாய் அடித்துக் கழுவ வேண்டும், ஓர் ஓட்டைகூடக் கூடாது என்கிறது உணவுப் பாதுகாப்பு விதி. சுண்ணாம்புச் சுவரைத் தினமும் கழுவினால் ஒரு வருஷத்தில் கரைந்துவிடும். ரொம்ப யோசித்து, கட்டடத்துக்குள் ஒரு கட்டடம் வைக்கலாம் என்று முடிவு செய்தோம். நடுவில் நுரை அடைத்த தகடான பஃப் பேனலில் நான்கு சுவரும் ஒரு கூரையும், பழைய சுவரைத் தொடாமல் ஓர் ஆள் நுழைந்து வரும் இடைவெளி விட்டு. மீன் வேலை அத்தனையும் உள்ளேயே. வெளிச் சுவர் தன்பாட்டுக்கு வேர்த்துக்கொள்ளட்டும். சீமை ஓட்டுக்கடியில் புறாவும் எலியும் என்ன செய்தாலும் கீழே மீனில் விழாது. நாளைக்கு இந்தத் தொழில் சரிப்படவில்லை என்றால் பேனலைக் கழற்றி விற்றுவிடலாம், கட்டடத்துக்குச் சேதமில்லை. மாசிக்குப் புகை போடுகிற அடுப்பை மட்டும் வெளியே தனிக் கொட்டகையில் வைத்துவிட்டேன். பஃபில் தீப் பிடித்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது நீ திட்டிய விஷயம். “உறைய வைக்கிற மெஷின் இல்லாமல் என்னடா மீன் பதனிடும் கூடம்?” என்று கேட்டிருக்கிறாய். உனக்கு அது உயிர்நாடி, எனக்குத் தெரியும். ஆனால் யோசித்துப் பார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும், அதுவும் நல்ல விலைக்கு உடனே போய்விடும். மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கரண்டு இணைப்புக்கு மாதாமாதம் ஒரு தொகை கட்டியாக வேண்டும். காற்று நாள், புயல் எச்சரிக்கை, வேலைநிறுத்தம் எல்லாம் சேர்த்தால் அந்தக் குழுவின் பணம் முழுக்க ஒரு கம்ப்ரசருக்குள் போய் உட்கார்ந்துவிடும். பெரிய ஆள் பல ஊர் மீனை வாங்கி நிரப்புவான். இவர்களால் முடியாது, முடிய வேண்டியதும் இல்லை.

இங்கே வேண்டியது ஐஸ். நம்மூர் விசைப்படகு விடியலில் போய் இரவு ஒன்பதுக்குள் திரும்புகிறது, ஏலம் முடிய இரவாகிவிடும். பெண்கள் அந்த நேரத்தில் வந்து வெட்ட முடியாது. பிள்ளைகள் இருக்கின்றன, திரும்பிப் போகப் பஸ் இல்லை. ஆக, இரவு வாங்கிய மீன் காலைவரை கெடாமல் இருந்தாகணும். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ பொடித்த ஐஸ், அடியிலும் நடுவிலும் மேலேயும். உருகின தண்ணீர் வடிய அடியில் துளை. இவ்வளவுதான் வித்தை, ஆனால் ஒழுங்காகச் செய்கிறவர்கள் குறைவு. சூரை மீனில் இது உயிர் போகிற விஷயம். சூடேறிக் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் என்கிற நஞ்சு ஊறும், அப்புறம் எவ்வளவு வேக வைத்தாலும் போகாது, மூக்குக்கும் தெரியாது. மாசி என்பது சூரையை அவித்து, புகை போட்டு, மரக்கட்டையாகக் காய வைப்பதுதானே. முதல் நாள் ராத்திரி ஐஸில் கஞ்சத்தனம் செய்தால் அடுத்து வரும் அவ்வளவு உழைப்பும் விஷத்துக்குத்தான். அதனால் பணத்தில் பெரிய பங்கு ஐஸ் அறைக்கும், ஐஸ் பொடிக்கும் மெஷினுக்கும், நல்ல தண்ணீருக்கும்.

தண்ணீர் என்றதும் நினைவு வருகிறது. படகு நிற்கிற குடாவிலிருந்து வாளியில் அள்ளி மீன் கழுவுவது இங்கே தலைமுறைப் பழக்கம். டீசல், எண்ணெய், இன்னும் என்னென்னவோ மிதக்கிற தண்ணீர். குழுத் தலைவியே முதல் நாள் அதைத்தான் செய்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு அவள் கையில் கொடுத்தேன். மேலே வானவில் ஓடியதைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, குழாயை இழுங்க” என்றாள்.

கழிவுநீர்தான் எனக்கு ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தது. ஒப்பந்தக்காரர் சிரிக்கிறார், “பத்தடியில கடல் இருக்கு சார், குழாயைத் திருப்பி விட்டாப் போச்சு” என்று. ரத்தத் தண்ணீர் தேங்கிய துறைமுகக் குடா எப்படி நாறும் என்று பிறந்ததிலிருந்து முகர்ந்தவர் சொல்கிற பேச்சா இது? தரைக்கு ஐம்பதுக்கு ஒன்று வாட்டம் கொடுத்திருக்கிறேன். வாட்டம், முடிந்த சரக்கு இருக்கும் பக்கத்திலிருந்து பச்சை மீன் பக்கத்துக்கு. மீன் ஒரு திசை, தண்ணீர் எதிர்த்திசை. சுவரும் தரையும் சேரும் மூலையை வளைத்துப் பூசியாயிற்று. வடிகாலில் முதலில் சல்லடை, அடுத்து கொழுப்பு மிதந்து நிற்கும் தொட்டி, அதற்கப்புறம்தான் சுத்திகரிப்பு. தலையும் குடலும் சல்லடையில் சிக்குவதற்கு முன்பே தனிப் பெட்டிக்குப் போய்விட வேண்டும் என்பது சட்டம், என் சட்டம். அதில் ஒரு பங்கை வெல்லத்தோடு சம எடைக்குப் போட்டு மூடி வைத்து மீன் அமிலம் ஆக்கி, இயற்கை விவசாயம் செய்கிறவர்களுக்கு விற்கலாம் என்று ஓர் அக்கா யோசனை சொன்னாள். மற்றது தீவன மில்லுக்கு.

1997இல் ஐரோப்பியர்கள் நம் நாட்டு மீனையே வேண்டாம் என்று தடுத்தபோது நீ எழுதிய கடிதங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. இறால் உரிக்கும் கொட்டகைகளில் தரையில் கொட்டி வேலை செய்ததைப் பற்றி, ஒரே வருஷத்தில் எல்லாம் டைல்ஸும் எஃகு மேசையுமாக மாறியதைப் பற்றி. அப்போது ஒன்று எழுதியிருந்தாய், வீட்டுத் திண்ணையில் உரித்த பெண்களுக்கு அந்த மாற்றத்தில் இடமில்லாமல் போனது என்று. அது எனக்குள் கிடந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்தக் கூடத்தில் பேனலுக்கும் குழாய்க்கும் ஆகும் செலவைப் பார்த்து, வாடகைக்கு வேறொரு முதலாளி வந்துவிடக் கூடாது. குத்தகைப் பத்திரம் குழுவின் பெயரில்தான், உள்வாடகைக்கு விடக்கூடாது என்று ஒரு வரி சேர்க்க வைத்தேன். வக்கீலுக்கு அது பிடிக்கவில்லை.

பணம்? பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பெண்களுக்கு 60 சதவீதம் மானியம். கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. முதலில் நாம் செலவழிக்க வேண்டும், கை நிறைவது பிற்பாடு. நடுவில் உள்ள மாதங்களுக்கு வட்டி யார் கட்டுவது என்று யாரும் சொல்வதில்லை. அதனால்தான் ஒரேயடியாகச் செய்யாமல் பாதிக் கூடத்தை மட்டும் முதலில் முடிக்கிறோம். நெத்திலிக் கருவாடும், கணவாய் சுத்தம் செய்து ஐஸில் வைத்து அனுப்புவதும் முதல். மாசி அடுத்து. நண்டுச் சதை எடுக்கலாம் என்று ஆசை காட்டுகிறார்கள். வேக வைத்த சதை சட்டென்று கெடும், இப்போதைக்கு வேண்டாம் என்று தள்ளி வைத்திருக்கிறேன். நெத்திலிக்கு மணலில் விரிப்பதை நிறுத்தி, இடுப்பு உயரத்தில் வலைத் தட்டு கட்டியாயிற்று. மண் இல்லாத கருவாட்டை முதல் தடவையாக மென்றுவிட்டு, காவலுக்கு இருக்கும் தாத்தா “பல்லுக்கு வேலையே இல்லியே” என்று குறைப்பட்டார்.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. தரைக்கு என்ன போடுவது என்று முடிவாகவில்லை. எபாக்ஸி என்கிற பிசின் பூச்சுப் பூசச் சொல்கிறார்கள், பார்க்க அழகுதான், ஆனால் கீழேயிருந்து ஏறும் ஈரம் அதைக் கொப்புளமாகத் தூக்கிவிடும் என்று எனக்குப் பயம். கோட்டா கல் போட்டால் இணைப்புகளில் கொழுப்பும் அழுக்கும் தங்கும். கொச்சிக் கம்பெனிகளில் பத்து வருஷத்துக்கு மேல் தாங்கிய தரை எது, எங்கே முதலில் பெயர்ந்தது என்று நினைவிலிருந்து எழுதி அனுப்பு. போட்டோ இருந்தால் இன்னும் நல்லது. ஐஸ் அறைக் கதவுக்கு ரப்பர் பட்டை எங்கே மலிவு என்றும் சொல். தடைக்காலத்துக்குள் தரையை முடித்தால்தான் ஜூன் 15ஆம் தேதிக்குப் படகு வரும்போது கதவைத் திறக்க முடியும். உன் கால் அதற்குள் சரியாகிவிட்டால் வந்து உன் பங்குக்கும் திட்டிவிட்டுப் போ. விளமீன் குழம்பு வைக்கச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் மச்சான்